காணாமல் போன குழந்தையும் குற்ற எழுத்தும்

1

குற்றம் பற்றிய எழுத்தை நம் வட்டம் படிக்காமல் இல்லை. படித்ததைச் சொல்வதில்லை, அவ்வளவுதான். மயிலாப்பூரில் பழைய புத்தகம் தேடும் நண்பர்கள் கையில் ரில்கேயை வைத்துக்கொண்டு, கண்ணைப் பக்கத்துக் கட்டில் கிடக்கும் துப்பறியும் மாத நாவல்கள் மேல் ஓடவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இதில் பாவம் ஏதுமில்லை. ஆனால் கற்பனைக் கொலைகளோடு சேர்த்து, நிஜமாகவே நடந்த குற்றங்களைப் பற்றிய எழுத்தையும் நாம் ஒதுக்கிவிட்டோம். அதை வாரப் பத்திரிகை பார்த்துக்கொள்ளும், போலீஸ் நிருபர் பார்த்துக்கொள்வார் என்று விட்டாயிற்று. கவிதையில் ஒரு வரி தளர்ந்தால் நான்கு இதழ்களுக்குச் சண்டை போடும் நாம், குழந்தையைப் பறிகொடுத்த ஒரு தாயின் வாக்குமூலம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று ஒருமுறை கூட விவாதித்ததில்லை.

இந்த அலட்சியத்துக்கு விலை உண்டு. 1999 பிப்ரவரியில் புளியந்தோப்பில், இரண்டு வயது இன்னும் நிரம்பாத ஒரு பையன் அடி பம்புக்குப் பக்கத்தில் இருந்தவன் காணாமல் போனான். மயிலாப்பூர்க் குளத்திலிருந்து அந்த இடம் பத்துக் கிலோமீட்டருக்குள்தான். அவனுக்கு என்ன நேர்ந்தது என்பதை நீளமாகவும் பொறுப்போடும் எழுதிய எழுத்து இங்கிலீஷில் இருக்கிறது. எழுதியவர் ஸ்காட் கார்னி, அமெரிக்கர், சென்னையில் தங்கியிருந்து பத்திரிகைத் தொழில் செய்தவர். 2009இல் மதர் ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகையில் அது வெளிவந்தது. 2011இல் அவருடைய தி ரெட் மார்க்கெட் புத்தகத்தில் இடம்பெற்றது. அந்த எழுத்தை முன்வைத்துச் சிலவற்றைப் பேச விரும்புகிறேன். இவ்வகை எழுத்து எவ்வளவு தூரம் போக முடியும், எங்கே முட்டி நிற்கும் என்ற இரண்டுமே அதில் தெரிகின்றன.

பையனின் பெயரையும் பெற்றோரின் பெயரையும் நான் இங்கே எழுதவில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

2

விவரம் சுருக்கமாக இது. குழந்தை காணாமல் போனதும் பெற்றோர் புகார் தந்தார்கள். போலீஸ் தேடல் ஒரு பக்கம் இருக்க, தகப்பன் கையிலிருந்ததை விற்று ஆண்டுக்கணக்கில் தானே தேடினார். 2005இல் ஒரு மதுக்கடையில் இரண்டு பேர் குழந்தைக் கடத்தல் ஒன்றைப் பற்றி உரக்கச் சண்டை போட்டுக்கொண்ட செய்தி போலீசுக்கு எட்டியது. பிடித்து விசாரித்ததில், மலேசியன் சோஷியல் சர்வீசஸ் என்ற அனாதை இல்லத்துக்காகக் குழந்தைகளைத் தூக்கியதாகவும், குழந்தை ஒன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய் அளவில் கிடைத்ததாகவும் ஒப்புக்கொண்டார்கள் என்பது போலீஸ் தரப்பு. 1991 முதல் அந்த இல்லம் குறைந்தது 165 குழந்தைகளை அமெரிக்கா, நெதர்லாந்து, ஆஸ்திரேலியா என்று வெளிநாடுகளுக்குத் தத்து அனுப்பியதாகக் கார்னி கணக்குத் தருகிறார். 165 பேரும் கடத்தப்பட்டவர்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. யார் கடத்தப்பட்டவர், யார் உண்மையிலேயே கைவிடப்பட்டவர் என்று காகிதத்தைப் பார்த்துப் பிரிக்க முடியாது என்பதே பொருள். கடத்தப்படாத குழந்தையின் பிறப்பையும் சந்தேகத்துக்கு உரியதாக்கிவிட்டது இந்தக் குற்றம். அதன் முழு அகலம் இதுதான் என்று நினைக்கிறேன்.

போலீஸ் கோப்பு எந்தப் பையனைச் சுட்டியதோ அவன் அமெரிக்காவின் நடுமேற்கில் ஒரு குடும்பத்தில் வளர்ந்துகொண்டிருந்தான். கார்னி அந்த வீட்டுக்கே போகிறார். இந்த இடத்தில் நிருபர் என்ற ஸ்தானம் கழன்று விழுகிறது, அவர் தூதராகிவிடுகிறார். தூது நமக்குத் தெரிந்த வகை. அன்னத்தையும் கிளியையும் நெஞ்சையும் அனுப்பிப் பழகிய மொழி இது. ஆனால் நம் தூது நூல்களில் தூது பெறுகிறவருக்கு அனுப்புகிறவர் யாரென்று தெரியும். இங்கே அந்த வீட்டுப் பையனுக்குத் தன்னை யாரோ தேடுகிறார்கள் என்பதே தெரியாது. வளர்த்த தம்பதி திகைக்கிறார்கள், தயங்குகிறார்கள், பையனிடம் இப்போது சொல்ல முடியாது என்ற நிலைக்கு வருகிறார்கள். எழுத்து அங்கே நின்றுவிடுகிறது. கார்னி அவர்களை வில்லன்களாக்கவில்லை. அவர்களும் ஒரு காகிதத்தை நம்பி ஏமாந்தவர்கள் என்று அவருக்குத் தெரிகிறது. இந்த நிதானம் அந்த எழுத்தின் பலம்.

பலவீனமும் உண்டு. அமெரிக்கக் குடும்பத்தின் பெயரும் ஊரும் மறைக்கப்பட்டிருக்கின்றன. புளியந்தோப்புத் தம்பதியின் பெயர்கள் அச்சாகியிருக்கின்றன. இதை வெள்ளைக்காரன் புத்தி என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிடுவது சுலபம், நியாயமல்ல. அங்கே மறைப்பது சிறுவனுக்குப் பாதுகாப்பு. இங்கே அச்சாவது, தேடுகிற பெற்றோருக்கு மிஞ்சியிருக்கும் ஒரே அறிவிப்புப் பலகை. இரண்டுக்கும் காரணம் இருக்கிறது. ஆயினும் விளைவு ஒன்றுதான்: ஏழையின் துக்கம் பெயரோடும் முகத்தோடும் உலகம் சுற்றுகிறது, வசதியுள்ளவரின் சங்கடம் திரைக்குப் பின்னால் இருக்கிறது. குற்ற எழுத்தில் பெயர் எந்தத் திசையில் வெளிச்சம் பெறுகிறது, எந்தத் திசையில் இருட்டில் நிற்கிறது என்று பார்க்கிற பழக்கம் விமர்சகனுக்கு வேண்டும். கவிதையில் படிமத்தைப் பார்க்கிறோமே, அந்த அக்கறையோடு.

3

இந்தக் குற்றம் கத்தியால் நடப்பதில்லை. கடத்தியவன் வேலை சில நிமிஷங்களில் முடிந்துவிடுகிறது. அதன்பின் நடப்பதெல்லாம் எழுத்து வேலை. ஒப்படைப்புப் பத்திரம் ஒன்று தயாராக வேண்டும். அதில் இல்லாத தாய் ஒருத்தி உண்டாக வேண்டும். அவளுக்கு ஒரு பெயர், வளர்க்க முடியாததற்கு ஒரு வறுமை, ஒரு கையெழுத்து அல்லது ரேகை, இரண்டு சாட்சி. குழந்தைக்குப் புதுப் பெயர். இவ்வளவும் சேர்ந்தால் நாலு வரியில் ஒரு கதை. அந்தக் கதையை அரசாங்கக் குமாஸ்தா நம்பினார், நீதிமன்றம் நம்பியது, தூதரகம் நம்பியது, கடல் கடந்து ஒரு தம்பதி நம்பித் தங்கள் வாழ்க்கையையே அதன்மேல் கட்டினார்கள். நம்மில் யார் எழுதிய கதைக்கு இவ்வளவு நம்பிக்கை கிடைத்தது? சிறுகதையின் நம்பகத்தன்மை பற்றி நாம் பேசுவதெல்லாம் இந்தப் பத்திரத்தின் முன்னால் கூசிப்போகிறது.

சட்டம் தூங்கிக்கொண்டிருந்தது என்றும் சொல்ல முடியாது. லக்ஷ்மி காந்த் பாண்டே வழக்கில் 1984இலேயே உச்ச நீதிமன்றம், நீதிபதி பகவதியின் தீர்ப்பில், வெளிநாட்டுத் தத்துக்கு விதிகள் வகுத்தது. பெற்றோரை நிர்ப்பந்தித்துக் குழந்தையை வாங்கக் கூடாது என்பது அந்த விதிகளில் முக்கியமானது. 2015ஆம் வருஷத்திய சிறார் நீதிச் சட்டம், பத்திரம் எழுதிக் கொடுத்த பெற்றோர் மனம் மாற இரண்டு மாதம் அவகாசம் தருகிறது. நல்ல விதி. ஆனால் மனம் மாறுவதற்கு முதலில் ஒரு மனம் இருக்க வேண்டும். பத்திரத்தில் மட்டுமே வாழும் தாய்க்கு எத்தனை மாதம் கொடுத்தால்தான் என்ன?

பத்திரத்தால் பிள்ளை கை மாறுவது இந்த ஊருக்குப் புதிதல்ல. கடத்தல் என்று சொல்ல முடியாத, ஆனால் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய சம்பவம் ஒன்று அடையாற்றில் நடந்திருக்கிறது. 1909இல் பிரம்மஞான சபையைச் சேர்ந்த லெட்பீட்டர் அடையாறு கடற்கரையில் ஒரு பையனைப் பார்த்தார். சபையில் வேலை பார்த்த நாராயணய்யாவின் மகன் அவன். 1910இல் தகப்பனார் தன் இரண்டு மகன்களின் பாதுகாவலை அன்னி பெசன்டுக்கு எழுதிக் கொடுத்தார். 1912இல் திரும்பக் கேட்டு வழக்குத் தொடுத்தார். சென்னை உயர் நீதிமன்றம் 1913இல் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1914இல் பிரிவி கவுன்சில் அதை மாற்றியது. பையன்கள் அதற்குள் இங்கிலாந்தில் இருந்தார்கள். அவர்கள் நலன் பையன்கள் சார்பில் முறையாக எடுத்து வைக்கப்படவே இல்லை என்பது பிரிவி கவுன்சில் கண்ட குறைகளில் ஒன்று.

ஜே. கிருஷ்ணமூர்த்தி பிற்பாடு என்னவானார் என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கு இங்கே வேண்டியது ஒரு சொல். அந்தக் கடற்கரைச் சம்பவத்தைச் சொல்லும் வரலாறுகள் அதைக் 'கண்டுபிடிப்பு' என்கின்றன. கண்டுபிடிப்பதற்கு முதலில் தொலைந்திருக்க வேண்டும். அந்தப் பையன் தொலைந்திருக்கவில்லை. தகப்பனும் தம்பியும் கூட இருந்தார்கள். தொலையாத பிள்ளையைக் கண்டெடுத்ததாக ஒரு வினைச்சொல் எழுதிவிட்டால் தகப்பன் கதையின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, கடைசியில் இடைஞ்சல் செய்கிறவராக ஆகிவிடுகிறார். ஒப்படைப்புப் பத்திரமும் இதே காரியத்தைச் செய்கிறது. 'கைவிடப்பட்ட' என்ற பெயரெச்சத்தை ஒரு குழந்தையின் முன்னால் போட்டுவிட்டால், கைவிடாத தாய் இலக்கணப்படியே இல்லாமல் போகிறாள்.

4

தமிழில் இதை எப்படி எழுதுகிறோம்? செய்தித்தாளில் குழந்தை மாயம், தனிப்படை அமைப்பு, மீட்பு, தாயிடம் ஒப்படைப்பு என்று நான்கு தலைப்புகளில் கதை முடிந்துவிடும். இன்ஸ்பெக்டர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் படம் ஒன்று. மீட்பு இல்லாத கதைக்குப் பத்திரிகையில் இரண்டாம் நாள் கிடையாது. சினிமா இன்னும் தாராளம். தொலைந்த பிள்ளைக்கு ஒரு மச்சம், அல்லது பாதிச் சங்கிலி, அல்லது 1975இல் வந்த நாளை நமதே படத்தில் போல ஒரு குடும்பப் பாட்டு. பாட்டைப் பாடினால் பிரிந்த அண்ணன் தம்பி சேர்ந்துவிடுவார்கள். அடையாளம் என்பது உடம்பில் எழுதி வைத்த ஒன்று, சரியான நேரத்தில் வெளிப்பட்டே தீரும் என்ற நம்பிக்கை நமக்கு ஊறிப்போயிருக்கிறது. இரண்டு வயதில் போய் வேறு மொழியில் வளர்ந்தவனுக்கு எந்தப் பாட்டு நினைவிருக்கும்?

இந்த விஷயத்தில் நம் பழைய காவியம் நம் சினிமாவைவிடத் துணிந்தது. மணிமேகலையில் ஆபுத்திரன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். சாலி என்பவள் வழியில் பெற்று விட்டுப்போன குழந்தை. பசு பால் கொடுத்துக் காக்கிறது. இளம்பூதி எடுத்து வளர்க்கிறார். வேள்விப் பசுவை அவிழ்த்துவிட்டதற்காக அந்தணர்கள் அவனைச் சூழ்ந்துகொள்ளும்போது அவர்களில் ஒருவன் அவன் பிறப்பைச் சபையில் போட்டு உடைக்கிறான். தன் பிறப்பை அவன் கேட்பது பகைவன் வாயிலிருந்து, வசையாக. கேட்டுச் சிரிக்கிறான்; ரிஷிகளின் பிறப்பை எடுத்துச் சொல்லிப் பதில் கொடுக்கிறான். வளர்த்த தகப்பனோ அவனை வீட்டைவிட்டு நீக்குகிறார். மச்சமும் இல்லை, சேர்க்கையும் இல்லை. பிறப்பின் செய்தி ஒருவனுக்கு யார் மூலம், எந்தத் தொனியில், எத்தனை பேர் முன்னிலையில் வருகிறது என்பதே அவன் வாழ்க்கையைத் திருப்பிவிடும் என்று சாத்தனாருக்குத் தெரிந்திருக்கிறது. நடுமேற்கு வீட்டின் வாசலில் நின்ற நிருபருக்கு இருந்த பிரச்னையும் அதுதான்.

மேலோட்டமான குற்ற எழுத்தால் என்ன கெட்டுவிடப் போகிறது என்று கேட்கும் நண்பர்களுக்கு 2018 மே மாதத்தை நினைவூட்டுகிறேன். பிள்ளை பிடிக்கிறவர்கள் ஊருக்குள் வந்துவிட்டார்கள் என்று கைப்பேசிகளில் செய்தி பரவிக்கொண்டிருந்த நாட்கள். திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் பக்கம், குலதெய்வம் கும்பிடச் சென்னையிலிருந்து காரில் போன ஒரு குடும்பம் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. கூட்டம் கூடி அடித்ததில் அறுபத்தைந்து வயதுப் பெண்மணி ஒருவர் இறந்தார். சாக்குப்பை, மயக்க மிட்டாய், அந்நிய முகம் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த கதையில் பிள்ளை பிடிக்கிறவன் எப்படி இருப்பான் என்று ஊருக்கு மனப்பாடம். காரில் வந்த கிழவி அந்தக் கதையில் பொருந்தினாள். முத்திரையும் கையெழுத்துமாக இருந்த பத்திரம் பொருந்தவில்லை. உண்மையில் நடந்த கடத்தலின் வழிமுறையை நாம் தெளிவாக எழுதி வைக்காத இடத்தில்தான் வதந்தி தன் கதையை எழுதிக்கொள்கிறது.

தமிழில் நிஜக் குற்ற எழுத்து சட்டத்தையே அசைத்த சந்தர்ப்பமும் உண்டு என்பதை நம் வட்டம் கவனித்ததாகத் தெரியவில்லை. திருவான்மியூர்ப் பக்கத்தில் நடந்த கொலைகளுக்காகத் தூக்குத் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் வெளியிட முனைந்தபோது சிறை அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1994இல் வந்த தீர்ப்பு, பொது ஆவணங்களில் உள்ளதை வெளியிட யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை என்றது. அதே மூச்சில் ஒரு விலக்கையும் வைத்தது: பாலியல் வன்முறைக்கோ கடத்தலுக்கோ ஆளான பெண்ணின் பெயரை அச்சேற்றி அவளை மறுபடி அவமானப்படுத்தக் கூடாது. அடையாறு, திருவான்மியூர் தெருக்களைப் பற்றிய ஒரு மலிவுப் பத்திரிகைத் தொடரிலிருந்து, இந்த நாட்டில் ஒருவரைத் தனியே விடும் உரிமை பற்றிய ஆதாரமான தீர்ப்பு பிறந்திருக்கிறது.

5

இனி பெயர் விஷயம்.

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் தி. நகர் ரங்கநாதன் தெருவில் நின்றால், ஒலிபெருக்கியில் காணாமல் போன குழந்தைகளைப் பற்றிய அறிவிப்பைக் கேட்கலாம். சட்டையின் நிறம், சுமாரான வயது, சொல்லத் தெரிந்தால் பெயர். சொல்லத் தெரியாத குழந்தைக்கு நிறமும் வயதும் மட்டும். இப்போதெல்லாம் போலீசார் குழந்தையின் மணிக்கட்டில் தொலைபேசி எண் எழுதிய பட்டை கட்டிவிடுகிறார்கள். அடையாளம் பற்றி இவ்வளவு சிக்கனமான எழுத்து வேறு இல்லை. காணாமல் போன குழந்தைக்கு உலகம் முழுக்கப் பெயரைக் கூவியாக வேண்டும். ஆனால் கிடைத்தபின் அதே பெயரை அச்சிடக் கூடாது என்று 2015ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. பாதுகாப்பு வேண்டிய குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். தொலைந்த நாளில் பெயர்தான் மருந்து. கிடைத்த மறுநாள் அதுவே விஷம். இரண்டுக்கும் நடுவில், பாதி கிடைத்தும் பாதி கிடைக்காமலும் நிற்கிற பிள்ளையைப் பற்றி என்ன செய்வது?

இதே கேள்வியை இன்னொரு தளத்தில் நெதர்லாந்து நீதிமன்றம் ஒன்று சந்தித்தது. 1999இல் சென்னையில் காணாமல் போன வேறொரு பையன் அந்த நாட்டில் வளர்வதாகத் தெரிந்து, பெற்றோர் மரபணுச் சோதனை கேட்டு வழக்காடினார்கள். 2010இல் நீதிமன்றம் அதைப் பையன்மேல் திணிக்க மறுத்தது. அவனுக்கு அப்போது பன்னிரண்டு வயது அளவில், அவனுக்கு விருப்பமில்லை. இங்கே பலருக்கு ஆத்திரம் வந்தது. எனக்கும் வந்தது. ஆனால் ஆத்திரத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தால், எல்லோரும் அவனைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, அவனிடம் கேட்கப்பட்ட ஒரே இடம் அது. 2021இல் அந்த நாட்டு அரசாங்கமே தன் பழைய தத்து வழக்கங்களை விசாரித்து, முறைகேடுகள் இருந்ததை ஒப்பி, வெளிநாட்டுத் தத்துகளை நிறுத்திவைத்தது. நிறுத்தத்துக்கு முன் போன பிள்ளைகள் அதற்குள் மீசை வைத்துவிட்டார்கள்.

கடத்தப்பட்டவனே தன்னைப் பற்றிப் படிக்க நேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஓர் உதாரணம் இருக்கிறது. 1964 ஏப்ரலில் சிகாகோ ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் உடையில் வந்த ஒரு பெண், பிறந்து ஒரு நாளான பால் ஃப்ரான்சாக் என்ற குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மறு வருஷம் நெவார்க்கில் ஒரு கடை வாசலில் விடப்பட்டிருந்த பையனை, காது அமைப்பை ஒப்பிட்டு அவனாக இருக்கலாம் என்று முடிவு செய்து, 1966இல் அந்தப் பெற்றோரிடம் கொடுத்தார்கள். பத்து வயதில் அந்தப் பையன் வீட்டில் ஒளித்து வைத்திருந்த கிறிஸ்துமஸ் பரிசுகளைத் தேடப் போய்ப் பத்திரிகைக் கத்தரிப்புகளைப் பார்த்துவிடுகிறான். கடத்தப்பட்ட குழந்தையின் கதை, கதாபாத்திரம் தான். 2013இல் மரபணுச் சோதனை அவர் அந்தப் பெற்றோரின் பிள்ளை இல்லை என்றது. 2015இல் வம்சாவளி ஆராய்ச்சியாளர்கள் அவருடைய உண்மைப் பெயர் ஜாக் என்றும், கூடப் பிறந்த இரட்டைச் சகோதரி ஒருத்தி காணாமல் போனவள் என்றும் கண்டார்கள். உண்மையான பால் 2019இல் மிச்சிகனில் வேறு பெயரில் வாழ்ந்துகொண்டிருந்தது தெரியவந்தது. அடுத்த வருஷமே அவர் இறந்துபோனார்.

இவ்வளவு திருப்பங்களை ஒரு நாவலாசிரியன் வைத்தால் நாம் சிரிப்போம். 2017இல் ஃப்ரான்சாக், அலெக்ஸ் ட்ரெஸ்னியோவ்ஸ்கியோடு சேர்ந்து எழுதிய தி ஃபவுண்ட்லிங் புத்தகத்தில் இலக்கிய நயம் அதிகம் இல்லை. இருந்தாலும் அதற்கு ஒரு தகுதி உண்டு: எல்லோரும் யாரைப் பற்றி எழுதினார்களோ அவன் எழுதியது. அந்தப் பத்திரிகைக் கத்தரிப்புகளை 1964இல் எழுதிய நிருபர்கள் சிகாகோ வாசகனை நினைத்து எழுதினார்கள். ஒரு பத்து வயதுப் பையன் உட்கார்ந்து படிப்பான் என்று அவர்கள் நினைத்திருக்க முடியாது. ஆனால் அந்த எழுத்துக்கு அவனைவிட முக்கியமான வாசகன் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

என் அளவுகோல் இதுதான். கடத்தப்பட்ட குழந்தையைப் பற்றி எழுதும் ஒவ்வொரு வாக்கியமும், அந்தக் குழந்தை வளர்ந்து ஒருநாள் தனியே உட்கார்ந்து படிக்கக்கூடியது. அப்போது அந்த வாக்கியம் நிற்குமா? தாயை அழுகிற பிம்பமாக மட்டும் எழுதியிருந்தால் நிற்காது. அவளிடம் கேட்கப் பிள்ளைக்கு வேறு கேள்விகள் இருக்கும். வளர்த்தவர்களைத் திருடர்களாக எழுதியிருந்தாலும் நிற்காது. அவன் சாப்பிட்ட சோறு அவர்கள் போட்டது. அவன்தான் இவன் என்று மரபணு சொல்லும் முன்பே அடித்துச் சொல்லியிருந்தால் அது மூன்றாவது பெயரை அவன்மேல் சுமத்துவது. கடத்தியவர்கள் ஏற்கனவே ஒன்றைச் சுமத்தியிருக்கிறார்கள். கார்னியின் எழுத்தில் பெரும்பகுதி இந்தச் சோதனையில் தேறுகிறது. வாரப் பத்திரிகைகளின் எழுத்து தேறாது.

புளியந்தோப்புப் பையனுக்கு இப்போது முப்பதை நெருங்கும் வயது. தான் யார் என்று எந்தப் பெயரில் சொல்லிக்கொள்வது என்பதை முடிவு செய்ய வேண்டியவன் அவன். பெற்றோர் பெயரை அச்சிட்டுத் தேடியது அவர்கள் உரிமை. விமர்சனம் எழுதுகிற நான் அதைத் திரும்ப அச்சிடுவதால் யாருக்கும் எதுவும் கிடைக்கப்போவதில்லை.

6

கடைசியாக, மொழி. கார்னியின் எழுத்தில் அந்தத் தகப்பனும் தாயும் பேசுகிறார்கள், இங்கிலீஷில். வேறு எப்படி இருக்க முடியும்? அமெரிக்க வாசகனுக்கு எழுதியது. ஆனால் அவர்கள் சென்னையில் சொன்ன சொற்கள் அச்சில் எங்கே இருக்கின்றன? பையன் தமிழைத் தொலைத்துவிட்டான் என்பது தெரிந்ததுதான். தாயின் பேச்சும் தமிழில் பதிவாகாமல், அவளைப் பற்றிய நிலையான எழுத்தில் மொழிபெயர்ப்பாக மட்டும் நிற்கிறது. ஒருநாள் அவன் தன்னைத் தேடிய கதையைப் படிக்கப் புறப்பட்டால், கிடைப்பதை அவன் சிரமமில்லாமல் படித்துவிடலாம். அந்தச் சிரமமின்மைதான் என்னை உறுத்துகிறது. தாய் நின்ற இடத்துக்கு 'அடி பம்பு' என்று பெயர். அந்தச் சொல்லில் தண்ணீர் வருவதற்கு முன் கை செய்கிற வேலை இருக்கிறது, வரிசை இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரியிடம் 'பாத்துக்கோக்கா' என்று விட்டுப்போகிற வழக்கம் இருக்கிறது. இதெல்லாம் தெரிந்தால்தான் ஒரு குழந்தையை அங்கே விட்டுப்போவது அஜாக்கிரதை இல்லை, அந்தத் தெருவின் வாழ்க்கைமுறை என்பது புரியும். இங்கிலீஷில் அது வெறும் ஒரு குழாய்.

இதைச் செய்யக்கூடியவர்கள் நம் வட்டத்தில் இருக்கிறார்கள். பேச்சைப் பேச்சாகக் காதில் வாங்கி எழுதத் தெரிந்தவர்கள், மிகையை மோப்பம் பிடிக்கத் தெரிந்தவர்கள். மந்தைவெளியிலிருந்தோ அடையாற்றிலிருந்தோ ஒரு பஸ் மாறினால் வடசென்னை வந்துவிடும். பெற்றோர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. கதையாக்க வேண்டாம், கவிதையாக்கவே வேண்டாம். அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்லும் வரிசையில், அவர்கள் சம்மதத்தோடு எழுதி வைத்தால் போதும். முதலில் கேட்க வேண்டியது அந்தப் பிள்ளையை வீட்டில் எப்படிக் கூப்பிட்டார்கள் என்பது.

பத்திரத்தில் எந்தப் பெயரும் எழுவாயாகத்தான் இருக்கும். கூப்பிடும்போது பெயர் வேறாகிவிடுகிறது. அதற்குத் தனியாக ஒரு வேற்றுமையை வகுத்த மொழி இது. தூரத்தில் இருப்பவரை அழைக்கும்போது ஓசை தன் அளவைக் கடந்து நீளும் என்று தொல்காப்பியத்தின் விளிமரபு சொல்கிறது. எவ்வளவு தூரம் என்று சொல்லவில்லை.